மூன்றாம் தட்டு வெங்காயம்

தரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் உயரத்தில் வெங்காயம் திருடுபோனால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? எங்களிடம் போலீஸ் கிடையாது. வார்வரா லுகினிச்னாதான் உண்டு.

அவர் எங்கள் ‘லாதகா’ விண்வெளி நிலையத்தின் மருத்துவர். வயது ஐம்பத்திரண்டு. நாங்கள் நால்வர் மேலே வந்து நூற்றெழுபத்தொரு நாளாகிறது. அதற்குள் தேன் டியூபைக் காலி செய்தவர் யார், பொதுக் கத்தரிக்கோலைப் படுக்கையில் ஒளித்தவர் யார் என்று இரண்டு மர்மங்களை அவர் உடைத்துவிட்டார். இரண்டிலும் குற்றவாளி நானே என்பது வேறு விஷயம். அதற்குத் தண்டனையாகவோ என்னவோ, என்னைத் துணை ஆளாக வைத்துக்கொண்டார்.

நான் கூஸ்மா யெர்யோமின், பொறியாளர். கேட்பதற்கு கௌரவமாக இருக்கும். உண்மையில் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், குப்பை ஆகிய மூன்றும் என் இலாகா. இது எனக்கு மூன்றாவது பயணம், கடைசிப் பயணம். மூன்று பயணத்திலும் சேர்த்து ஐந்நூறு நாளுக்கு மேல் மேலே இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட கதவுக்கு வெளியே கால் வைத்ததில்லை. வெளியே போகிற பாக்கியம் எப்போதும் வேறொருவருக்கு. அவர் திரும்பி வந்தால் அவர் உடையைத் துடைத்து உலர்த்துகிற பாக்கியம் எனக்கு.

இன்று காலை ஒன்பது மணிக்கு அது மாறியது. அதற்குக் காரணம் வெங்காயம்.

செடி வளர்க்கும் பெட்டியில் பதினாறு தட்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி. நகத்தளவு சீட்டில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். மூன்றாம் தட்டிலும் எட்டாம் தட்டிலும் வெங்காயம். எட்டாம் தட்டு எங்களுக்கு. வெள்ளிக்கிழமை கமாண்டர் பிறந்தநாளுக்கு மீன் டப்பாவோடு தின்பதற்கு வைத்திருந்தோம். மூன்றாம் தட்டு, கீழே தரையில் இருக்கிற ஒரு பேராசிரியம்மாவுக்குச் சொந்தம். தொண்ணூறு நாளாக அந்த அம்மா தினமும் காலையில் கேமரா வழியாக வெங்காயத்தைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். இன்று பார்த்தபோது பதினொரு செடிக்கும் ஒட்ட மொட்டை போட்டிருந்தது.

கமாண்டர் ஒசிப் மத்வேயெவிச் எல்லோருடைய தூங்கும் அறையையும் சோதனை போட்டார். அறை என்றால் ஆளை நிறுத்தி வைக்கிற அலமாரி அளவுதான். சஸ்லானின் அறையில், காற்று வருகிற சல்லடையில், பச்சையாக மூன்று துணுக்கு ஒட்டியிருந்தது.

சஸ்லான் சாகோயெவ் எங்களில் இளையவன். முப்பத்துமூன்று வயது. விளாதிகவ்காஸ் ஊர்க்காரன், முதல் பயணம். வியாழக்கிழமை கமாண்டரோடு வெளியே போய் ஆன்டெனா மாற்ற வேண்டியவன். அதற்காகத் தரையில், எடையில்லாமல் வேலை செய்யப் பழகும் நீச்சல்குளத்துக்குள் மூன்று வருஷம் ஊறிக் கிடந்தவன்.

“இது என்னடா?” என்றார் கமாண்டர்.

“வெங்காயத்தாள், கமாண்டர்.”

“யார் பண்ண வேலை?”

“நான்தான். நாக்கு கேட்டுச்சு. தின்னுட்டேன்.”

“நாக்கு கேட்டுச்சா! தொண்ணூறு நாள் ஆராய்ச்சிடா அது. அந்தம்மா கீழ உக்காந்து அழுதுகிட்டிருக்கு. மூணாம் தட்டு!”

“மூணா?” என்றான் சஸ்லான். முகம் வெளுத்துப்போனது.

கீழே முடிவெடுக்க அரைமணி நேரம்தான் ஆனது. வெங்காயத்தில் கை வைக்கிறவன் நாளைக்குக் கதவில் கை வைத்தால் என்ன ஆவது? சாகோயெவ் நீக்கம். வியாழக்கிழமை வெளியே போகிறவர் யெர்யோமின். உறுதிப் பட்டியல், மதியம் ஒரு மணிக்குத் தரையோடு தொடர்பு கிடைக்கும்போது கையெழுத்தாகும்.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அதை முகத்தில் காட்டாமலிருக்க ஒரு குழாயைக் கழற்றி மாட்டினேன். நன்றாக இருந்த குழாய்.

அப்போது யாரோ என் காலுறையைப் பிடித்து இழுத்தார்கள். வார்வரா.

“வாப்பா கூஸ்மா, கிளம்பு. வேலை இருக்கு.”

“என்ன வேலை? திருடன் ஒத்துக்கிட்டானே டாக்டர்.”

“அதான் உறுத்துது. கடவுளே வந்து கேட்டாலும் நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. நீ தேன் டியூப வாயில வெச்சுக்கிட்டே ‘நான் இல்ல’ன்ன.”

“வாய்ல இருந்ததால தெளிவா சொல்ல முடியல. இல்லைன்னா நம்பியிருப்பீங்க.”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே நிலையத்தின் நடுக்கூடத்துக்குப் போனார். அங்கேதான் காற்றை உறிஞ்சும் பெரிய சல்லடை இருக்கிறது. எங்கள் ஊரில் பொருள் தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தச் சல்லடையில் சேர்த்துவிடும். காலையில் பல் துலக்கியதும் அவரவர் பொருளை அங்கே வந்து பொறுக்கிக்கொள்வது வழக்கம். இன்று அதில் ஒரு பேனா மூடி, கமாண்டரின் ஒரு பொத்தான், என் நகத்துண்டு இரண்டு இருந்தன. பச்சையாக ஒன்றும் இல்லை.

“பாத்தியா? பதினொரு செடிய நறுக்கியிருக்கான். ஒரு நூல்கூட காத்துல பறக்கல. செடிய ஒரு பையால மூடி, அதுக்குள்ள கைய விட்டு, பதமா நறுக்கியிருக்கான். அவ்ளோ சுத்தமான ஆளு தன் அறையில மட்டும் மூணு துணுக்க விட்டுட்டுப் போவானா?”

“வீட்டுக்குப் போனா எல்லாரும் கொஞ்சம் சோம்பேறிதான்.”

“சரி, அந்த வீட்டையும் பாத்துருவோம்.”

சஸ்லானின் அறைச் சல்லடைக்கு நேராக அவர் ஒரு காகிதத் துண்டை நீட்டினார். காகிதம் விலகிப் பறந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தூங்குகிறவன் விட்ட மூச்சு முகத்திலேயே தேங்கி ஆளைக் கொன்றுவிடக் கூடாது என்று அந்தச் சல்லடை முகத்தில் காற்றை ஊதும். அதைப் பொருத்தியவன் நான். உறிஞ்சுகிற சல்லடையில் குப்பை சேரும். ஊதுகிற சல்லடையில் எப்படிச் சேரும்?

வார்வரா ஒரு துணுக்கை உரித்தெடுத்து, சல்லடையில் விரலை வைத்து நாக்கில் தொட்டார்.

“சுண்டக் காய்ச்சின பாலு. இனிப்பு. பசை மாதிரி தடவி ஒட்டியிருக்காங்க.”

“வெங்காயத்துக்கு சுண்டக் காய்ச்சின பாலா? கொடுமையே!”

“ஆக, கூஸ்மா, யாரோ ஒருத்தர் சஸ்லான மாட்டிவிட்டிருக்காங்க. இங்க இருக்கறது நாலு பேரு. அவன் மாட்டினா யாருக்கு லாபம்?”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் எண்ணிப் பார்த்தேன். கமாண்டருக்கு லாபமில்லை. டாக்டருக்கு லாபமில்லை. மிச்சம் ஒரு குழாய்க்காரன்.

“டாக்டர், நான் தேன் திருடுவேன். பழி திருட மாட்டேன்.”

“நல்லா இருக்கு. நீதிமன்றத்துல சொல்லு. இப்ப அந்த வெங்காயம் எங்கன்னு தேடணும். பதினொரு செடி வெங்காயத்தாளப் பச்சையா தின்னுட்டு ஒருத்தன் பேசினா, நம்ம நாலு பேருக்கும் கண்ணெரியும். சஸ்லான் வாயில நெடியே இல்ல. அப்ப தாளு குப்பையில இருக்கணும். குப்பை உன் இலாகா. போய்ப் பாரு.”

“நீங்களும் வாங்களேன்.”

“எனக்கு அந்த நாத்தம் ஆகாது.”

குப்பைப் பைகளெல்லாம் நிலையத்தோடு ஒட்டியிருந்த சரக்கு விண்கலத்தில் கிடந்தன. கொண்டுவந்த சாமானை இறக்கிய பிறகு அதில் குப்பையை அடைப்போம். அடுத்த வாரம் அது பிரிந்து போய்க் காற்றில் உரசி எரிந்துவிடும். அதற்குள் நான் மட்டும் நுழைந்தேன். முதல் பை, இரண்டாவது பை. அவற்றில் இருந்ததை இங்கே எழுதினால் யாரும் இதைத் தொட மாட்டார்கள். ஐந்தாவது பையில் ஒரு துண்டுக்குள் சுற்றி, இறுக்கமாகக் கட்டி வைத்திருந்தது கிடைத்தது. பிரித்தேன். பதினொரு செடியின் தாளும் முழுசாக இருந்தது. ஒரு கடி கடித்த தடம்கூட இல்லை.

எனக்கு உடனே புரிந்தது. இதை வெளியே காட்டினால் சஸ்லான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். விசாரணை முதலிலிருந்து தொடங்கும். ஒரு மணிப் பட்டியலில் என் பெயர் நிற்காது.

காட்டாவிட்டால்? யாரும் பார்க்கவில்லை. பைக்குள் திணித்தால் அடுத்த வாரம் சாம்பல்.

ரொம்ப நேரம் அங்கேயே மிதந்துகொண்டிருந்தேன். நான் அப்படியொன்றும் உத்தமன் இல்லை. எனக்கு வெளியே போக வேண்டும். முதல் பயணத்திலிருந்து பதினொரு வருஷமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்துச் சலித்துவிட்டது. மூட்டையைத் திரும்பக் கட்டினேன். பைக்குள் பாதி தள்ளினேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. மூட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற வழியெல்லாம் அந்தப் பேராசிரியம்மாவையும் வெங்காயத்தையும் சஸ்லானையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வார்வரா சாப்பாட்டு மேசையருகே காலைக் கம்பியில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். மூட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தின்ன ஆசைப்பட்டவன் தின்னாம தூக்கிப் போடுவானா டாக்டர்?”

“மாட்டான். கூப்பிடு அவனை. கமாண்டரையும் கூப்பிடு.”

மணி பன்னிரண்டே கால். மேசையைச் சுற்றி நால்வரும் கூடினோம். சஸ்லான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பசிக்குதாடா சஸ்லான்?” என்றார் வார்வரா, ரொம்பப் பிரியமாக.

“இல்ல டாக்டரம்மா.”

“திருடனுக்கும் சோறு போடணும். இந்தா, மூணு பொட்டலம் இருக்கு. உனக்குப் புடிச்ச ஆட்டுக்கறி சூப்ப எடுத்து வெந்நீர் ஊத்திக்க.”

மூன்றும் வெள்ளிப் பொட்டலம். பெயர் மட்டும் பொடி எழுத்தில் மூலையில் இருக்கும். சஸ்லான் ஒன்றை எடுத்தான், அமுக்கினான், குலுக்கினான். இன்னொன்றை எடுத்தான். “இதான்” என்று வெந்நீர்க் குழாயில் பொருத்தப் போனான்.

“குடுறா இங்க” என்று கமாண்டர் பிடுங்கினார். வாசித்தார். “கொட்டைத் தூள் போட்ட பாலாடைக்கட்டிடா இது!”

“அதுவும் எனக்குப் புடிக்கும்” என்றான் சஸ்லான்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மூன்று வாரமாக இவன் முனிவர் மாதிரி, எது கிடைத்தாலும் தின்றான். ஒருநாள் பால்பொடியை உருளைக்கிழங்கு சூப் என்று குடித்துவிட்டு, “அருமை” என்றான். வேலைக் குறிப்பை என்னிடம் கொடுத்து, “நீங்க படிங்கண்ணே, உங்க குரல்ல கேட்டாதான் மனசுல பதியுது” என்றான். என் குரல் அவ்வளவு இனிமை என்று நானும் நம்பி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன்.

“கண்ணு தெரியலயாடா?” என்றார் வார்வரா.

சஸ்லான் தலையைக் குனிந்துகொண்டான்.

“தூரத்துல தெரியுது டாக்டரம்மா. கிட்டத்துலதான்… கைய முழுசா நீட்டினாலும் எழுத்து கலங்குது.”

“போன வாரச் சோதனையில, கிட்ட வெச்சு வாசிக்கிற அட்டைய ஒரு பிழை இல்லாம வாசிச்சியே?”

“மனப்பாடம்.”

“நானும் என் முதல் பயணத்துல அதத்தான் பண்ணேன்” என்று வார்வரா தலையிலடித்துக்கொண்டார். “திருடினவனே காலையில ‘மூணா?’ன்னு கேட்டான் பாரு, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். எதைத் திருடினோம்னு திருடனுக்கே தெரியல. எட்டாம் தட்டுன்னு நெனச்சு நறுக்கியிருக்கான். சீட்டுல இருந்த மூணு அவன் கண்ணுக்கு எட்டாத் தெரிஞ்சிருக்கு. நாம தின்ன வெச்சதத் திருடினா ஆராய்ச்சிக்கு நஷ்டமில்ல, திட்டோட போகும். கணக்குப் போட்டுத்தான் பண்ணியிருக்கான். அவன் அறையில அந்தப் பச்சைய ஒட்டினதும் அவனேதான்.”

“ஏன்டா?” என்றார் கமாண்டர். கோபத்தைவிட அவர் குரலில் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

சஸ்லான் வாய் திறந்தான். திறந்ததும் நிற்கவில்லை.

“உடையோட மார்புல இருக்கற அழுத்தமானி எனக்குத் தெரியல கமாண்டர். ஒத்திகையில குத்துமதிப்பா ஒரு எண்ணைச் சொன்னேன். வெளிய போயி நான் தப்பா சொல்லி, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? போக மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. கண்ணுன்னு சொன்னா மருத்துவக் குழு எழுதிரும், அப்புறம் வாழ்க்கையில மேல வர முடியாது. திருட்டுன்னா ஒரு வருஷம் திட்டுவாங்க, மறந்துருவாங்க. தானா போயி ஒத்துக்கிட்டா ‘ஏன்’னு குடைவாங்க. மாட்டிக்கிட்டவனை யாரும் ஏன்னு கேக்கறதில்ல.”

விண்வெளிக்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி யோசிக்க மாட்டார்கள். உலகத்தில் எல்லோரும் குற்றத்தை மறைக்க நோயைச் சாக்குச் சொல்வார்கள். நாங்கள் நோயை மறைக்கக் குற்றம் செய்வோம்.

வார்வரா மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் மாட்டி, அந்தப் பொட்டலத்தை நீட்டினார்.

“வாசி.”

“கொட்டைத் தூளுடன் பாலாடைக்கட்டி. நூற்றைம்பது மில்லி வெந்நீர்…” அடுத்த பொட்டலத்தையும் எடுத்து வாசித்தான்.

“பதினொரு கண்ணாடி அனுப்பியிருக்காங்க. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா அனுப்பியிருக்காங்க? இங்க வந்தா பாதிப் பேருக்குக் கண்ணு இப்படித்தான் ஆகும். கீழ போனா முக்கால்வாசி சரியாயிரும். ஹெல்மெட்டுக்குள்ள போட்டுக்கலாம், தடை இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.”

“அதெல்லாம் வயசானவங்களுக்குன்னு நெனச்சேன்.”

கமாண்டர் இருமினார். அவருக்கு வயது ஐம்பது ஆகப்போகிறது. சட்டைப் பைக்குள் இருந்த எதையோ கையால் அமுக்கிக்கொண்டார். வார்வரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணித் தொடர்பில் வார்வராவே முதலில் பேசினார். சாகோயெவின் பார்வைக் குறைவு கண்ணாடியோடு சரியாகிவிடும், வேலைக்குத் தகுதி உண்டு. மூன்று வாரம் அதைக் கவனிக்காதது மருத்துவரின் தவறு, தன்மேல் எழுதிக்கொள்ளலாம் என்றார். தட்டு மாறிப்போன கதையையும் மறைக்காமல் சொன்னார். கீழே ஆர்சென்தி பாவ்லவிச், பணித் தலைவர், நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“சரி. பேராசிரியம்மாகிட்ட சாகோயெவ் தன் வாயால மன்னிப்புக் கேக்கட்டும். இப்ப என் சிக்கல் வேற. காலையில யெர்யோமின் பேருக்கு உத்தரவு போட்டாச்சு. அதுவும் முறையான உத்தரவு. ரெண்டு பேருக்கும் தகுதி இருக்கு. யெர்யோமின் தானா விலகினா மாத்தறேன். இல்லைன்னா அவர்தான் போவார். யெர்யோமின், என்ன சொல்றீங்க? அரை நிமிஷம்தான் தொடர்பு இருக்கு.”

“நீங்களே போங்கண்ணே” என்றான் சஸ்லான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் பெரிதாகத் தெரிந்தது. “நான் பண்ணதுக்கு இது போதும்.”

எனக்கு எவ்வளவு ஆசை என்று சொன்னேன் அல்லவா? அது கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்த ஆன்டெனாவின் ஒவ்வொரு திருகும் இவன் விரலுக்குத் தெரியும். நான் குளத்தில் அதை நாலே நாலு தடவை தொட்டிருக்கிறேன். வெளியே கமாண்டர் உயிருக்கு எவன் கை நல்லது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“சஸ்லான் போகட்டும். நான் விலகிக்கறேன்” என்றேன்.

ஒலிபெருக்கியில் கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது.

“கேட்டிருக்குமா?” என்றார் கமாண்டர்.

“தெரியல” என்றேன்.

அடுத்த தொடர்புக்கு இருபத்திரண்டு நிமிடம். சஸ்லான் ஏதோ சொல்ல வந்தான். கமாண்டர் அவன் தோளைப் பிடித்து அடுத்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனார். நானும் வார்வராவும்தான் மிச்சம்.

“குப்பைக்கு என்னைத் தனியா ஏன் அனுப்பினீங்க?” என்று கேட்டேன். “நாத்தத்துக்குப் பயப்படற ஆளா நீங்க? ஆளறுத்துத் தையல் போடறவங்க.”

“உன்மேல சந்தேகம்தான். லாபம் உனக்கு. வெறுங்கையோட வந்திருந்தா, நீதான் ஆள்னு முடிவு பண்ணியிருப்பேன். அந்தத் துண்ட அஞ்சாவது பையில காலையிலயே நான் பாத்துட்டேன்.”

“அடப்பாவி டாக்டர்!”

“ரொம்ப நேரம் ஆச்சு நீ வர.”

“பாதி உள்ள தள்ளினேன்” என்றேன். அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. “எனக்குப் போகணும் வார்வரா லுகினிச்னா. இப்பவும் போகணும்.”

“தெரியும்ப்பா” என்றார். வேறு எதுவும் சொல்லி என்னைத் தேற்றப் பார்க்கவில்லை. அதற்காக மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

இருபத்திரண்டு நிமிடமும் நான் ஒலிபெருக்கி முன்னால்தான் இருந்தேன். கீழே கேட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்டிருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். கரகரப்புத் தொடங்கியது.

“லாதகா, பதில் வரலை. யெர்யோமின், என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க.”

கமாண்டரும் சஸ்லானும் வாசலில் வந்து நின்றார்கள். முதல் தடவை சொன்னபோது யோசிக்க நேரமில்லை, சொல்லிவிட்டேன். இப்போது இருபத்திரண்டு நிமிடம் யோசித்தாகிவிட்டது. ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டு, இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் அதையே சொன்னேன்.